ஆக்சிஜன் எங்கே, எவ்வளவு?

1987. சுமார் 93 கெல்வினில் மின்தடையே இல்லாமல் போகும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, உலகையே அசத்திய வருஷம். ஆனா ரகசியம் அதுல இருக்கும் ஆக்சிஜன்ல. அது எங்கே, எவ்வளவு? கனமான பேரியத்துக்குப் பக்கத்துல எக்ஸ்ரேக்கு ஆக்சிஜன் மங்கல், நியூட்ரானுக்குத் தெளிவு.

கைகொடுத்தது நெதர்லாந்தின் ஹூகோ ரீட்வெல்ட் 1969-ல் வெளியிட்ட முறை. பொடியில் பட்டுச் சிதறும் நியூட்ரான்களின் முழு வரைபடத்தோடும், நாம ஊகிக்கும் அணு அமைப்பைப் பொருத்திப் பார்ப்பது.

நான் சொல்ல வந்தது அதுல இருக்கும் பொறியை. ஓரிடத்தில் ஆக்சிஜன் குறைஞ்சாலும் அதன் பங்கு குறையும். அது அதிகமா அதிர்ந்தாலும் குறையும். ரெண்டையும் சேர்த்து ஏத்தினா, கோடு அப்பவும் ஓரளவு அழகா பொருந்தும். இந்தக் கோரிலேஷன் 1-ஐ நெருங்கினா, தரவால ரெண்டையும் பிரிக்க முடியலைன்னு அர்த்தம். அதிர்வோட பாதிப்பு பெரிய கோணங்கள்லதான் அதிகம். அதனால அதுவரைக்கும் அளக்கணும். பொருத்தம் நல்லா இருக்கேன்னு மட்டும் நம்பினா, இல்லாத ஆக்சிஜனை இருக்குன்னு எழுதிடுவோம்.