ஓட்டமும் ஒரு தாள் செய்தியும்

பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளிலே நால்வர் ஒரு கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்தை நாம் அஞ்சலோட்டம் என்கிறோம். அப்பெயரைச் சொல்லும் பிள்ளைகளுள் அதனுள்ளே பொதிந்து கிடக்கும் சரித்திரத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அஞ்சல் என்பது தபால். புகைவண்டியும் தந்தியும் வருமுன்னர் தபாலைச் சுமந்தவை மனிதக் கால்கள். திருவிதாங்கூர் அரசின் அஞ்சற்காரன் மணி கட்டிய கோலைக் கையிலேந்தி ஓடுவான். மணியோசை கேட்டதும் வழியிற் செல்வோர் ஒதுங்கி இடம் விடுவர். ஓர் எல்லை வரையில் ஒருவன் ஓட, அங்கே காத்து நிற்கும் மற்றொருவன் பையை வாங்கிக்கொண்டு மேலே ஓடுவான். அந்த அஞ்சல் 1951ஆம் ஆண்டிலேதான் இந்தியத் தபாற் பகுதியோடு இணைந்தது. இலங்கையிலும் ஆங்கில ஆட்சியின் தொடக்கத்திலே கடிதங்கள் ஓட்டக்காரர் தோளிலேறியே ஊருக்கு ஊர் சென்றன.

மேல்நாட்டுக் கதையும் இதுவே. கி.மு. 490இல் பாரசீகர் படையெடுத்தபோது உதவி கேட்டு அதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனைப் பற்றி ஹெரோடொட்டஸ் எழுதியுள்ளார். மரதன் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியுடன் ஓடிவந்து, அதைச் சொல்லியதும் உயிர்நீத்த வீரனின் கதை பிற்காலத்தார் சேர்த்தது. எப்படியாயினும் அக்காலத்தில் ஓடுபவனே செய்தியைச் சுமந்தான். நம் காலத்திலோ நிலைமை மாறிவிட்டது. செய்திதான் ஓடுபவனைத் தாங்கி நிற்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு தூரம் ஓட்டம் நடைபெறும், சென்ற முறை யார் எத்தனை நிமிடத்தில் ஓடி முடித்தார் என்று எழுதிய ஒரு தாள் இல்லையேல் ஓட்டக் கழகம் என்பதே இல்லை. அவ்வாறான தாள்களின் சரித்திரத்தையே இம்மலரிலே சிறிது நோக்குவோம்.

ஓட்டக் கழகங்கள் இங்கிலாந்திலே தோன்றின. இலண்டனிலே தேம்ஸ் ஆற்றில் படகு வலிப்போர் குளிர்காலத்திலே தேகப் பயிற்சி குன்றாதிருக்கும் பொருட்டு 1867இல் விம்பிள்டன் வெளியிலே ஓர் ஓட்டப் போட்டி நடத்தினர். அடுத்த ஆண்டே 'தேம்ஸ் முயலும் வேட்டைநாயும்' என்ற பெயருடன் கழகம் பிறந்தது. முன்னே ஓடும் இருவர் 'முயல்கள்'. அவர்கள் காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டு ஓட, மற்றையோர் வேட்டைநாய்களாகி அத்தடத்தைப் பிடித்துத் துரத்துவர். பள்ளிச் சிறுவர் விளையாட்டாயிருந்த அது வளர்ந்தோர் கழகமாயிற்று. இவ்விளையாட்டே கடல் கடந்து 1938இல் கோலாலம்பூருக்கும் சென்றது. அங்கே கிஸ்பர்ட் என்பவரும் தோழரும் தொடங்கிய கழகத்தின் வழிவந்த குழுக்கள் இன்று உலகெங்கும் உள்ளன. ஓடி முடித்ததும் பியர் அருந்துவது அவர்கள் வழக்கம். நாம் இளநீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயினும் அக்காலத்து ஆங்கிலேயரிடம் ஒரு குறையிருந்தது. 1866இல் இலண்டனில் அமைந்த மெய்வல்லுநர் கழகம் யார் அமெச்சூர் என்று வகுக்கும்போது, கைத்தொழில் செய்வோனும் கூலியாளும் அப்பெயருக்கு உரியவரல்லர் என்று விதித்தது. வேலை செய்து பிழைப்பவனுடன் ஓடுவது கனவான்களுக்கு இழுக்காம்! 1880இல் ஒக்ஸ்பர்ட்டில் கூடிய புதிய சங்கமே அந்த விலக்கை நீக்கியது. துறைமுகத் தொழிலாளரும் மீன்பிடிப்போரும் கடைச் சிப்பந்திகளும் நெருங்கி வாழும் முகத்துவாரத்திலிருந்து நோக்குகையில் இது அற்ப விடயமன்று. அந்த விதி நிலைத்திருந்தால் நம்மவருள் எத்தனை பேருக்கு ஓடும் உரிமை இருந்திருக்கும்?

பெண்களுக்கு நேர்ந்தது இதனினும் நீண்ட அநீதி. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழாவிலே பெண்கள் 800 மீற்றர் ஓடினர். ஓடி முடித்தோர் களைப்புற்றதைக் கண்டு, இத்தூரம் பெண்ணுடலுக்கு ஆகாதென்று கூறி அப்போட்டியை அகற்றினர். அது மீண்டும் வர 1960 வரையில் 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் கிடைத்தது. கேகாலை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்ணான சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியிலே 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். முதலில் வந்த அமெரிக்கப் பெண் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கமிழக்க, அவ்வெண்கலம் பின்னர் வெள்ளியாயிற்று. பெண்ணுடலுக்கு ஆகாதென்றோர் வாயை அடைக்க இது ஒன்றே போதும்.

இனி, நம் நாட்டார் பெருமையுடன் நினைவுகூரும் 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். இலங்கை சுதந்திரம் பெற்ற அவ்வாண்டிலேயே இலண்டன் ஒலிம்பிக் விழாவில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே விழாவிலே பிரௌணிங் றொஸ் என்ற அமெரிக்க இளைஞர் ஒருவரும் ஓடினார். தடைகளும் நீர்ப்பள்ளமும் தாண்டி ஓடும் நீண்ட ஓட்டத்தில் அவருக்கு ஏழாமிடமே கிடைத்தது. வைற்றின் பெயரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலே படிக்கின்றனர். றொஸின் பெயரை இங்கே அறிந்தவர் அரிது. ஆனால் வீதியிலே ஓடும் சாதாரண மனிதர் உலகெங்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றனர்.

அவர் செய்தது மிகச் சிறிய காரியம். 1956இல் நீண்ட தூர ஓட்டக்காரருக்கென்று ஒரு சிற்றேட்டைத் தொடங்கினார். எங்கே எந்தப் போட்டி நடந்தது, யார் எத்தனையாவது வந்தார், எவ்வளவு நேரம் எடுத்தார், அடுத்த ஓட்டம் எங்கே என்பனவே அதன் உள்ளடக்கம். வெற்றி பெற்றவருக்கு மட்டுமன்றிப் பின்னே வந்தவருக்கும் அதில் ஒரு வரி இருந்தது. பெரிய பத்திரிகைகள் பொருட்படுத்தாத ஓட்டக்காரர் அதன் மூலமே ஒருவரையொருவர் அறிந்தனர். பிரித்தானியாவிலே 1952இல் வீதியோட்டக் கழகம் ஒன்று தோன்றியிருந்தது. அதனைப் போன்றதோர் அமைப்பு அமெரிக்காவுக்கும் வேண்டுமென்று றொஸ் தம் ஏட்டிலே எழுதினார். 1958 பெப்ரவரி 22ஆந் தேதி நியூயோர்க்கிலே சிலர் கூடி அமெரிக்க வீதியோட்டக் கழகத்தை நிறுவினர். அந்தச் சிற்றேடு 1975 வரையில் வெளிவந்தது.

நியூயோர்க் கிளையின் முதல் தலைவர் டெட் கோர்பிற். அடிமையாயிருந்தவரின் பேரன். கறுப்பரென்பதனால் சில போட்டிகளில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதுண்டு. ஹார்லம் பகுதியிலே 1936இல் தோன்றி, நிற பேதமின்றி யாவரையும் ஏற்ற பயோனியர் கழகமே அவருக்குக் கதவு திறந்தது. அக்கழகத்தாராகவே 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் ஓடினார். அதே ஹெல்சிங்கி விழாவிலேதான் நம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் கலந்துகொண்டார் என்பதும், அவர் 1958இல் தோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழாவின் தங்கப் பதக்கத்தை இலங்கைக்கு முதன்முதல் ஈட்டித் தந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கன.

கோர்பிற் செய்த பெருந்தொண்டு தூரத்தை ஒழுங்காக அளந்தது. நம் நாட்டிலே சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் வீதியில் ஓடுவது எத்தூரமாயினும் அதற்கு மரதன் என்றே பெயர். உண்மை மரதன் 42.195 கிலோமீற்றர். 1896இல் அதென்சில் ஏறக்குறைய 40 கிலோமீற்றராயிருந்த தூரம் 1908 இலண்டன் விழாவிலே இவ்வளவாகி, 1921இல் நிலையான விதியாயிற்று. விதி வந்த பின்னரும் வீதிகள் அளவுப்படி அமையவில்லை. அளவு பிழையானால் ஓடியவனின் நேரமும் பொய்யாகிவிடும். இங்கிலாந்தில் ஜோன் ஜூவெல் காட்டிய வழியைப் பின்பற்றி, கோர்பிற் 1964இல் ஒரு நூல் எழுதினார். அதன்படி, முதலில் நேரான வீதியில் உருக்கு நாடாவால் ஒரு தூரத்தை அளந்து குறிக்க வேண்டும். அத்தூரத்துக்கு ஒரு சைக்கிளின் சில்லு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். பின்பு ஓட்டப் பாதை முழுவதும், ஓடுபவன் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியாகவே, அதே சைக்கிளைச் செலுத்திச் சுற்றுக்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். இன்றும் பெரிய நகரங்களின் மரதன் வீதிகளை அளப்பது சைக்கிளே.

1970இல் நியூயோர்க் மரதன் முதன்முறையாக ஒரு பூங்காவுக்குள்ளே நடைபெற்றது. புறப்பட்டவர் 127 பேர். ஓடி முடித்தவர் 55 பேர். வென்றவர் ஒரு தீயணைப்புப் படைவீரர். அதே ஓட்டத்திலே இக்காலத்தில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஓடி முடிக்கின்றனர். ஒரு தாள் செய்தியிலிருந்து வளர்ந்த பயிர் இது.

தங்கப் பதக்கமும் ஒரு பேட்டையிலிருந்தே முளைக்கக்கூடும் என்பதற்கு நியூசிலாந்து சான்று. ஒக்லாந்து நகரிலே சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆதர் லிடியார்ட், தம் அயலிலுள்ள வாலிபர்களை மலைப்பாதையில் 22 மைல் ஓடப் பழக்கினார். அவரிடம் பயின்ற பீற்றர் சினெல், மறே ஹல்பேர்க் ஆகிய இருவரும் 1960இல் றோமிலே ஒரே பிற்பகலில் தங்கம் வென்றனர். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. நடுவயதினருக்கும் இருதய நோயுற்றோருக்கும் மெல்லோட்டம் பழக்கினார். அதிலிருந்து 1962இல் ஒக்லாந்து மெல்லோட்டக் கழகம் எழுந்தது. அதைக் கண்டு சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பவர்மன் 1967இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட, மெல்லோட்டம் அமெரிக்க வீதிகளெங்கும் பரவியது. நம் அயலிலுள்ள சென்னையிலும் 2006இல் தொடங்கிய ஓட்டக்காரர் கழகம் பேட்டை தோறும் கிளை பரப்பியுள்ளது.

சைவ வாலிபர் சங்கத்துக்கு ஓட்டத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணுவதாகவே கண்ட திருமூலர் நம்மவர். 1897 ஜனவரி 15ஆந் தேதி கொழும்பிலே வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையிலே பேசுகையில், வாலிபர் கீதை படிப்பதிலும் உதைபந்தாடுவதனால் சுவர்க்கத்தை விரைவில் அணுகுவர் என்று துணிந்து கூறினார். கீதையை அவர் தாழ்த்தவில்லை. உறுதியான உடலுள்ளவனுக்கே கீதையின் உறுதிப்பொருள் விளங்கும் என்பதே அவர் கருத்து.

இனி முகத்துவாரத்துக்கு வருவோம். களனி கங்கை கடலோடு கலக்கும் வாயில் என்பதனாலேயே இவ்வூர் இப்பெயர் பெற்றது. 1851இல் தோன்றிய பரி. தோமையர் கல்லூரி 1918இல் கல்கிசைக்குச் செல்லும் வரையில் இவ்விடத்திலேயே இருந்தது. நாட்டின் பெரிய மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் சுகததாச விளையாட்டரங்கு கொட்டாஞ்சேனைப் பக்கத்திலே, நமக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது. காக்கைதீவுக் கடற்கரையும் நமக்கு அண்மையிலே உண்டு. எனினும் நம் பிள்ளைகளின் ஓட்டம் பெரும்பாலும் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலே பாடசாலையை விட்டதும் சப்பாத்து மூலைக்குப் போகிறது. பெண் பிள்ளைகளுக்கோ அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ஆற்றலில் அவர்கள் குறைந்தவரல்லர். அடுத்த ஓட்டம் எப்போது என்று சொல்லவும், ஓடிய நேரத்தைக் குறித்து வைக்கவும் ஆளில்லை. நாற்பது வயதிலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்த பின்னர் வைத்தியர் நடக்கச் சொல்கிறார். இருபது வயதிலே நாம் ஓடச் சொல்லியிருக்கலாகாதா?

ஆகவே சங்கத்து அன்பர் முன் ஒரு சிறு யோசனையை வைக்கிறோம். பெரும் பணமோ மைதானமோ இதற்கு வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் ஓடக்கூடிய ஒரு பாதையைத் தெரிந்து, கோர்பிற் காட்டிய முறைப்படி ஒரு சைக்கிளால் அளந்து குறிப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அதில் ஓடுவோம். ஓடியவர் யாவருடைய பெயரையும் நேரத்தையும், முதல்வர் தொடக்கம் கடைசியாக வந்தவர் வரையில், ஒரு தாளில் எழுதிச் சங்கத்து அறிவித்தற் பலகையில் ஒட்டுவோம். அதன் அடியிலே அடுத்த ஓட்டத்தின் நாளையும் நேரத்தையும் எழுதுவோம். இரண்டு மூன்று மாதத் தாள்கள் சேர்ந்துவிட்டால், 1867இல் தேம்ஸ் கரையார் செய்ததுபோல, மெல்ல ஓடுபவரை முன்னும் விரைந்து ஓடுபவரைப் பின்னும் புறப்படவிட்டு முன்வாய்ப்புப் போட்டியும் நடத்தலாம். அப்போது தந்தையும் மகளும், துறைமுகத் தொழிலாளியும் கந்தோர் உத்தியோகத்தரும் ஒரே கோட்டை ஏறக்குறைய ஒரே வேளையில் கடப்பர். பழைய நேரங்கள் எழுத்தில் இல்லாவிடில் அப்போட்டியை நடத்த வழியில்லை.

வைற் பெற்ற பதக்கம் நாட்டுக்குப் பெருமை தந்தது. றொஸ் எழுதிய தாளோ பதக்கம் பெறாதவர்க்கும் ஓட இடம் தந்தது. முன்னதைப் பெறுவது அரிதினும் அரிது. பின்னதைச் செய்ய ஒரு தாளும், நாள் தவறாத மனமும் போதும். அடுத்த ஆண்டு மலரிலே, வெற்றி பெற்றோர் படங்களுக்கு அருகிலே, முகத்துவாரத்தில் ஓடிய அனைவருடைய பெயர்களும் நேரங்களும் அடங்கிய ஒரு பக்கம் இடம்பெற எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.