சேமிப்பு வொலியூம்களின் தானியங்கி மேலாண்மை

கிளவுட் சேர்வர்களுக்கு வட்டாகப் பயன்படும் சேமிப்புப் பகுதிகளை உருவாக்குதல், சேர்வரோடு இணைத்தல், பெருப்பித்தல், நகலெடுத்தல், தேவை தீர்ந்ததும் அழித்தல் ஆகிய வேலைகளை நிரல் கொண்டு நடத்தும் முறை இது. இந்தப் பகுதிகளைத் தொழிலில் இருப்பவர்கள் வொலியூம் என்றே சொல்கிறார்கள். கிளவுட் சேவை விற்கும் அமேசானின் தரவு மைய வலயம் எதுவும் இலங்கையில் இல்லை. அருகில் இருப்பவை 2016இல் திறந்த மும்பையும் 2022இல் திறந்த ஹைதராபாத்தும். அந்தச் சேவையை வாங்கும் யாழ்ப்பாணத்து நிறுவனம் தன் வட்டைக் கண்ணால் காண்பதே இல்லை. கழற்றிப் பூட்ட முடியாத ஒன்றைக் கட்டளைகளால்தான் கையாள வேண்டும். கட்டளையை மனிதர் தட்டினால் என்ன, ஸ்கிரிப்ட் தட்டினால் என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் இத்துறையின் வரலாறு.

கிளவுட்டுக்கு முன்

பல வட்டுகளை ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டிலிருந்து வேண்டிய அளவை வெட்டி எடுக்கும் எண்ணம் கிளவுட்டை விடப் பழையது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவரும் மலிவான வட்டுகளை அடுக்கி நம்பகத்தன்மை பெறும் ரெய்ட் முறையை விளக்கினார்கள். 1990இல் ஐபிஎம் தன் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் வொலியூம் மேலாளரைச் சேர்த்தது. லினக்ஸுக்கு அதை 1998இல் எழுதியவர் ஹைன்ஸ் மௌவல்ஸ்ஹாகன். இதன் பிறகு, வட்டு நிறைந்துவிட்டால் இன்னொரு வட்டைப் பூட்டி, அதைக் கூட்டில் சேர்த்து, ஓடும் வொலியூமை நீட்டலாம் என்றானது. ஆனால் இரவில் எழுந்து வந்து அந்தக் கட்டளைகளைத் தட்ட ஆள் வேண்டியிருந்தது.

அந்தப் பத்தாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. 1990இல் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டபின், சைக்கிள் தைனமோவைச் சுற்றித்தான் பல வீடுகளில் வானொலிச் செய்தி கேட்டார்கள். எண்ணிமச் சேமிப்பு பற்றிய பேச்சு இங்கே பிறந்ததற்கு வட்டுத் தொழினுட்பம் காரணம் அல்ல. 1981 மே 31 இரவு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம்தான் காரணம். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. பிற்காலத்தில் ஈழத்து நூல்களை மின்வடிவாக்க முன்வந்தவர்களின் பேச்சில் இந்த இழப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

2005 ஜனவரியில் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் முதலில் நூல்களைத் தட்டெழுதி வெளியிட்டது. பின்னர் பக்கங்களை வருடிக் கோப்பாக்கத் தொடங்கியது. அதன் கோப்பு முகவரிகளைக் கவனித்தால் சேமிப்பு ஒழுங்கு ஒன்று தெரியும். 14780ஆம் இலக்க ஆவணம் 148 என்ற அடைவுக்குள், தன் இலக்கமே பெயரான அடைவில் இருக்கும். 201ஆம் ஆவணம் 03 என்ற அடைவில் இருக்கும். நூறு ஆவணத்துக்கு ஓர் அடைவு. எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும், இலக்கத்தைப் பார்த்து அடைவை மனத்தாலேயே கணித்துவிடலாம். ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எந்த நூறு விடுபட்டது என்றும் உடனே தெரியும். தானியக்கத்துக்கு முதல் தேவை இத்தகைய மாறாத பெயர் ஒழுங்குதான். பெயர் ஒழுங்கில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல ஸ்கிரிப்டும் குழப்பத்தை வேகமாக்கவே உதவும். பல்லூடக ஆவணங்களுக்கு, இத்திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனம் பின்னர் ஐலண்டோரா என்ற கட்டற்ற மென்பொருளில் ஆவணகம் தளத்தை அமைத்தது.

கட்டளைக்குக் கட்டுப்படும் வட்டு

அமேசான் 2006இல் சேர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டபோது, சேர்வரை நிறுத்தினால் அதன் வட்டில் இருந்ததும் போய்விடும். 2008 ஓகஸ்டில் வந்த எலாஸ்டிக் புளொக் ஸ்டோர் இந்தக் குறையைத் தீர்த்தது. வொலியூம் இப்போது சேர்வரிலிருந்து பிரிந்து தனியே வாழும். ஒரு சேர்வர் இறந்தால் இன்னொன்றில் மாட்டலாம். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே தரவு மையத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். வேறு தொகுதிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஸ்நாப்ஷொட் எனும் கணநேர நகலை எடுத்து, அதிலிருந்து அங்கே புதிய வொலியூம் உருவாக்க வேண்டும். ஆரம்பகால ஸ்கிரிப்டுகளில் பல இந்த வேலைக்காகவே எழுதப்பட்டவை.

தானியக்கமே இடரைப் பெருக்கிய பெரிய நிகழ்வு ஒன்று 2011 ஏப்ரல் 21இல் நடந்தது. அமெரிக்கக் கிழக்கு வலயத்தில் வலையமைப்பு மாற்றம் ஒன்றின்போது போக்குவரத்து தவறுதலாகக் குறைந்த கொள்ளளவுள்ள பாதைக்குத் திருப்பப்பட்டது. பாதுகாப்புக்கென வைத்திருந்த தம் நகல்களோடு தொடர்பிழந்த வொலியூம்கள், விதிப்படி, புதிய நகலுக்கு இடம் தேடத் தொடங்கின. எல்லாம் ஒரே நேரத்தில் தேடியதால் இடம் தீர்ந்தது, தேடல் நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட தொகுதியில் ஏறத்தாழ 13 வீதமான வொலியூம்கள் முடங்கின, 0.07 வீதமானவற்றின் தரவை முழுமையாக மீட்க முடியவில்லை. ஒவ்வொரு வொலியூமும் தனக்குச் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது.

சொந்தமாகக் கிளவுட் அமைக்க உதவும் கட்டற்ற மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கில் வொலியூம் சேவை 2012இல் சிண்டர் என்ற தனிக் கூறாகப் பிரிந்தது. அமேசானில் வொலியூமைப் பெருப்பிப்பது 2017 பெப்ரவரி வரை சுற்றுவழியாகவே இருந்தது: ஸ்நாப்ஷொட், பெரிய புதிய வொலியூம், சேர்வர் நிறுத்தம், பழையதைக் கழற்றல், புதியதை மாட்டல். அதன்பின் ஒரே கட்டளை போதும். ஆனாலும் புதிதாகக் கற்பவர் இங்கே தடுக்கி விழுகிறார். 100 ஜிகாபைட்டை 200 ஆக்கிவிட்டு சேர்வருக்குள் போய்ப் பார்த்தால் இன்னும் 100 என்றே காட்டும். வட்டுப் பிரிவையும், அதற்குமேல் கோப்பு முறைமையையும் தனித்தனியே நீட்ட வேண்டும். நல்ல ஸ்கிரிப்ட் இந்த மூன்று படிகளையும் சேர்த்தே செய்யும்.

செயலிகளைப் பல சேர்வர்களில் தானாக ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் வந்தபின் நிரல் தானே வட்டுக் கேட்கத் தொடங்கியது. 2017இல் உறுதிப்பட்ட இவ்வசதியில், செயலி விண்ணப்பித்தால் வொலியூம் பிறக்கும்; விண்ணப்பத்தை அழித்தால், வேறு விதி எழுதாவிட்டால், வொலியூமும் அழிந்துவிடும். இயல்பு விதி காப்பாற்று என்றில்லாமல் அழி என்றிருப்பது விவாதத்துக்குரியது. ஆனால் மறு பக்கத்திலும் காரணம் உண்டு: அழிக்காமல் விட்ட அநாதை வொலியூம்கள் எந்த சேர்வரிலும் மாட்டப்படாமலே பில்லை ஏற்றிக்கொண்டிருக்கும். இவற்றைத் தேடித் துடைக்க நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2011 அளவிலேயே ஜனிற்றர் மங்கி என்ற நிரலை ஓடவிட்டது. இலங்கையில் இந்தத் துடைப்பு வேலைக்கு 2022இல் தனி அவசரம் வந்தது. மாதம் 8 டொலர் தின்னும் மறந்துபோன வொலியூம் ஒன்று, டொலர் 202 ரூபாவாக இருந்த மார்ச் தொடக்கத்தில் சுமார் 1,600 ரூபா. டொலர் 360ஐத் தொட்ட மே மாதத்தில் அதுவே 2,900 ரூபாவுக்குக் கிட்ட.

நகலும் மீட்பும்

ஸ்நாப்ஷொட் முதல் முறை முழுவதையும் எடுக்கும். அடுத்த முறைகளில் மாறிய பகுதிகளை மட்டும். நாளுக்கு எத்தனை எடுப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை விதியாக எழுதிவிட்டால் தானே நடக்கும் சேவையை அமேசான் 2018இல் தந்தது. ஒரு நுணுக்கம் உண்டு. ஓடும் தரவுத்தளத்தின் ஸ்நாப்ஷொட் என்பது, அந்தக் கணத்தில் மின்சாரம் போயிருந்தால் வட்டு எந்த நிலையில் இருந்திருக்குமோ அந்த நிலை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே ஸ்நாப்ஷொட்டுக்கு முன் வட்டில் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவைக்கும் வரி ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும்.

2017 ஜனவரி 31இல், நிரல்மூலங்களைச் சேமித்துத் தரும் கிற்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சேர்வரில் தரவு அடைவை அழித்தார். 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. தானியங்கி காப்பு நகல் நாள்தோறும் ஓடுவதாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பதிப்புப் பொருத்தமின்மையால் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சேர்வர் நிராகரித்திருந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு தேவைக்காகக் கையால் எடுத்த ஸ்நாப்ஷொட்தான் காப்பாற்றியது.

இலங்கையின் பாடம் 2023இல் வந்தது. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் நடத்திய இலங்கை அரச கிளவுட் மீது ஓகஸ்ட் 26இல், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அஞ்சல் மென்பொருள், அந்த ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. சேர்வரோடு இணைந்தே இருந்த காப்பு நகல்களும் சேர்ந்து பூட்டப்பட்டன. சேவை 12 மணி நேரத்தில் மீண்டதாக அதிகாரிகள் கூறினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்கு வேறு நகல் இருக்கவில்லை. அதன்பின் இணைப்பில்லாத நகலை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. மாவட்டச் செயலகம் தொடக்கம் பிரதேச செயலகம் வரை தாளிலிருந்து அஞ்சலுக்கு மாறிவரும் ஒரு நாட்டில், மூன்று மாதக் கடிதம் காணாமற்போவது சிறிய விடயம் அல்ல.

எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் இனி நுட்பவியலாளர் விருப்பம் மட்டும் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மிஞ்சிய காலம் தனிநபர் தரவை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுள்ளது. பழைய ஸ்நாப்ஷொட்டுகளுக்கு அழிவுத் திகதி வைக்க இது இன்னொரு காரணம்.

மீட்டுப் பார்க்கும் சோதனையையும் அமேசான் 2023 நவம்பரில் தானியங்கியாக்கியது: நகலிலிருந்து தற்காலிக வொலியூம் உருவாகும், சோதிக்கப்படும், அழியும். உள்ளே இருப்பது சரியா என்று பார்க்கும் நிரலைப் பயனரே எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்த் தரவு வைத்திருப்பவர் அதில் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. ஸ்நாப்ஷொட் வட்டை அப்படியே பிரதியெடுப்பதால் எழுத்து கெடாது. ஆனால் தரவுத்தளத்தை ஏற்றுமதிக் கோப்பாக எடுத்து, தவறான எழுத்துக் குறியாக்கத்தில் மீட்டால், வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும், அறிக்கையும் வெற்றி என்றே சொல்லும், பெயர் நெடுவரிசையில் மட்டும் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் இருக்கும். முன்கூட்டித் தெரிந்த ஒரு தமிழ்ப் பெயரைத் தேடி, அது கிடைக்காவிட்டால் தோல்வி என்று அறிவிக்கும் ஒரு வரி இதைப் பிடித்துவிடும்.