கப்பலுக்கு எது இடது?

நடுக்கடலில், கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு ‘இடது பக்கம் பார்!’ என்று ஒருவர் கத்துகிறார். வம்பு அங்கேயே ஆரம்பம். யாருடைய இடது? முன்னால் பார்த்து நிற்பவனின் இடது, பின்னால் பார்த்து நிற்பவனுக்கு வலது ஆயிற்றே!

அதனால்தான் மாலுமிகள் ஆளை விட்டுவிட்டுக் கப்பலுக்கே இடது, வலது வைத்தார்கள். பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திருப்புகிற துடுப்பு வலப்பக்கம் இருக்கும். பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பக்கம் ‘ஸ்டார்போர்ட்’. துடுப்பு இடிபடாமல் இருக்க, மறுபக்கத்தைத்தான் துறையில் ஒட்டி நிறுத்துவார்கள். அது ‘லார்போர்ட்’. புயல் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுந்தால் என்ன ஆகும்? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, ‘போர்ட்’ என்று மாற்றிக்கொண்டது.

கப்பலுக்குள் திசை சொல்லியாச்சு. சரி, கடலில் கப்பல் எங்கே நிற்கிறது? அதற்குக் குமரி மாவட்டத்து மீனவர்களைக் கேட்க வேண்டும். மரத்தின் முன்தலையை ‘அணியம்’ என்பவர்கள், இடம் குறிக்கும் கலையைக் ‘கணியம்’ என்கிறார்கள். கரையில் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்கு நேர் பின்னால் ஒரு மலை உச்சி. இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிறதா? சற்றுத் திரும்பி இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அடியில் மீன் அடையும் பார் இருக்கும். காகிதமில்லை, கருவியில்லை. அப்பன் மகனுக்குக் கொடுக்கும் சொத்து!

ஆனால், மலை மறைந்தால் கணியமும் மறையும். தூத்தூர் பகுதி மீனவர்கள் மலையே தெரியாத ஆழ்கடலுக்குப் பல நாள் போகிறவர்கள். அங்கே ஜி.பி.எஸ். இடம் காட்டும். அதைக் கரைக்குச் சொல்வது எப்படி? படகில் இருக்கும் சாதாரண வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இதுதான் நடந்தது. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. ‘இன்னும் தள்ளிப் போய்த் தேடுங்கள்’ என்று கரையில் கதறினார்கள்.

தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் போதாது. தேடுகிறவன் காதில் அது விழ வேண்டும். 1844-ல் ஒரு வார்த்தையை மாற்றியதும் அதற்காகத்தான்.