விலையும் மறுப்பும்: பாலியல் தொழிலில் மரியாதைப் பேச்சுக்கு வேண்டிய நிபந்தனைகள்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில், நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்ட நெருக்கடியான சந்துகளில், மீன் விற்கும் பெண்மணிக்கும் வாங்க வந்தவருக்கும் இடையே நடைபெறும் பேரம் எத்துணை உரத்த குரலில் நிகழ்ந்தாலும், விலையைச் சொல்லவும், குறைத்துக் கேட்கவும், கட்டுப்படியாகாது என்று கைவிரிக்கவும், வேண்டாமென்று நகர்ந்து போகவும் இருவருக்கும் ஐயத்துக்கிடமில்லாத உரிமை உண்டு. அக்காவென்றும் தம்பியென்றும் அழைத்துக்கொள்ளும் இங்கிதம் அவ்வுரிமையின்மேல் வளர்ந்ததேயன்றி அதற்கு ஈடாக வந்ததன்று. பாலியல் தொழிலில் உள்ள பெண்களுக்கும் அவர்களை நாடிவரும் ஆடவருக்கும் இடையே மரியாதையான சம்பாஷணை அரிதாயிருப்பதற்கு ஆடவரின் ஒழுக்கக் குறைவே காரணமென்று கூறி அமைந்துவிடுவது எளிது. ஆயினும், அப்பேச்சையே குற்றமாக்கி வைத்திருக்கும் சட்டமும், அப்பெண்ணின் மறுப்பை மறுப்பாகவே கொள்ளாத சமுதாய வழக்கமுமே மூல காரணங்கள் என்பது என் துணிபு.

தமிழர்க்கு இவ்விஷயம் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னுக்கு விலை கூறப்படுகிறது. கூறுபவள் மாதவியல்லள், நகரச் செல்வர் உலவும் வீதியில் நிறுத்தப்பட்ட கூனி. கோவலன் அம்மாலையை வாங்குகிறான். மாதவியைத் தற்காலத் தொழிலாளியோடு ஒன்றாக வைத்து எண்ணுவது சரித்திரப் பிழையாகும். எனினும் விலை வெளிப்படையாகவும் உள்ளம் மறைவாகவும் இருந்த அவ்வுறவின் அமைப்பு நம் ஆராய்ச்சிக்கு மிக உரியது. கடற்கரையில் அவர்கள் பிரிந்தது யாது பற்றி? யாழிசையோடு அவன் பாடியதற்கு அவள் வேறு பொருள் கொண்டாள், அவள் பாடியதற்கு அவன் வேறு பொருள் கொண்டான். இருவரும் நேரே கேட்டுத் தெளியவில்லை. அதன்பின் மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுசென்ற ஓலையைக் கோவலன் ஏற்க மறுக்கும்போது, மாதவி என்னும் தனி ஒருத்தியை அவன் எண்ணிப் பார்க்கவேயில்லை. ஆடல்மகளிர் இத்தன்மையர் என்னும் பொது முடிவொன்றையே அவள்மேல் சுமத்துகிறான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகமாணி என்னும் அந்தணன் தந்த இரண்டாம் ஓலையைப் படித்தபோதோ, குற்றம் அவளதன்று, தன்னதே என்று உணர்ந்து, அவ்வோலையையே தன் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்கிறான். ஒருத்தியின் சொல்லைக் கேட்குமுன் அவள் தொழிலைக் கொண்டே அவளை அறிந்துவிட்டதாகக் கருதும் பிழையையும், அச்சொல்லைச் செவிமடுத்தபின் அப்பிழை நீங்கும் வகையையும் இத்துணை நுட்பமாக வேறெந்த நூலும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புதுப்பெயர் பெற்ற ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், வயது வந்த பெண்ணொருத்தி தன் இசைவோடு இத்தொழில் செய்வதைத் தன்னளவில் குற்றமென்று கூறவில்லை. கூறாதிருந்தும், அதன் 8-ஆம் பிரிவு, பொது இடத்தில் நின்றோ, பொது இடத்திலுள்ளோர் காணவும் கேட்கவும் கூடியவாறு ஒரு வீட்டினுள்ளிருந்தோ, சொல்லாலும் சைகையாலும் அழைப்பதைக் குற்றமாக்கி, முதன்முறைக்கே 6 மாதம் வரை சிறை விதிக்கிறது. அதே குற்றத்தை ஆடவன் புரிந்தால் உச்ச வரம்பு 3 மாதமே. தொழில் குற்றமன்று, அதைப் பற்றிய பேச்சு குற்றம் என்னும் இவ்விசித்திர நியாயத்தின் விளைவு யாது? காவலர் கண்ணுக்குத் தப்ப வேண்டிய பெண், வந்தவன் குடித்திருக்கிறானா, முரடனா, ஆணுறை அணிய உடன்படுவானா, எவ்வளவு தருவான், எவ்வளவு நேரம் என்றெல்லாம் நின்று கேட்க அவகாசமின்றி, சில நொடிகளில் முடிவு செய்து அவனோடு புறப்பட வேண்டியவளாகிறாள்; அல்லது விலை பேசும் பொறுப்பைத் தரகனிடம் ஒப்படைக்கிறாள். தரகன் அவளுக்குத் தெரியாமல் வாக்களித்ததையெல்லாம் வந்தவன் அறைக்குள் உரிமையாகக் கேட்கிறான். அங்கே எழும் வசைச்சொல்லின் வேர் பெரும்பாலும் தெருவிலேயே ஊன்றிவிட்டது.

கனடா நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 20 அன்று பெட்ஃபோர்டு வழக்கில் இவ்வுண்மையையே ஏற்று, பொது இடத்தில் பேசுவதைத் தண்டித்த விதியைச் செல்லாததாக்கிற்று: வருபவரை ஆராயவும் ஆணுறை முதலிய நிபந்தனைகளை முன்னரே தீர்மானிக்கவும் பெண்ணுக்கிருந்த வாய்ப்பை அவ்விதி பறித்தது என்பது நீதிபதிகளின் முடிவு. மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் வாங்குபவரைக் குற்றவாளியாக்கிப் புதுச் சட்டம் இயற்றியது. அவன் அஞ்சினாலும் பேச்சு சுருங்கவே செய்யும் என்பதை அது எண்ணவில்லை.

ஆயினும் மீன் கடை உவமை ஓர் எல்லைக்குமேல் செல்லாது. விற்ற மீன் விற்றவளிடமிருந்து பிரிந்துவிடுகிறது. இங்கோ விற்பவள் பிரிவதில்லை. ஆகவே விலை பேசி முடிந்த பின்னும், பணம் கைமாறிய பின்னும், இடைநடுவிலும், போதும் என்று சொல்லும் உரிமை அவளை விட்டு நீங்குவதில்லை. நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. நம் நாட்டில், 2018 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் ஆர். பானுமதியும் இந்திரா பானர்ஜியும், வன்புணர்ச்சி வழக்கொன்றில் பெண்ணின் நடத்தையைக் காட்டி எதிரிகளை விடுவித்த டில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, எத்தகைய நடத்தையுடையவளாகக் கருதப்பட்டாலும் மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டென்று நிலைநாட்டினர். கொடுத்த பணம் மறுப்பை விலைக்கு வாங்கிவிடாது. இதை மனத்தில் பதித்துக்கொள்ளாத ஆடவன் எத்துணை இனிய சொற்களைப் பேசினும் அவன் பேச்சு மரியாதையாகாது.

விலைகொடுத்து உடலைப் பெறுவதே அவமதிப்பாயிருக்க, அதற்குள் மரியாதையைத் தேடுவது புண்ணுக்குப் புனுகு பூசுவதாகும் என்று கூறுவோர் உளர். அவர்களுடைய உள்ளத்தூய்மையை நான் மதிக்கிறேன். கடத்தப்பட்டோரையும் சிறுமியரையும் பொறுத்தவரை அவர்கள் கூற்று முற்றிலும் சரி. அங்கே சம்மதமே இல்லையாதலின் மரியாதைப் பேச்சென்பதும் இல்லை, மீட்பும் தண்டனையுமே உண்டு. ஆனால் வறுமையாலோ வேறு காரணத்தாலோ இத்தொழிலை ஏற்று, இன்றிரவும் ஓர் அந்நியனோடு தனித்திருக்கப்போகும் வயது வந்த பெண்ணுக்கு, தொழிலே ஒழியும் காலம்வரை மரியாதையை ஒத்திவைப்போம் என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

மரியாதை உபதேசத்தால் மட்டும் வருவதன்று என்பதற்குக் கல்கத்தாவில் இத்தொழில் நிகழும் சோனாகாச்சிப் பகுதி சான்று. 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா அங்கே தொடங்கிய நோய்த்தடுப்புப் பணியில் அத்தொழிற்பெண்களே பிரசாரகர்களாயினர். ஒருத்தி ஆணுறையை வற்புறுத்தினால் வந்தவன் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். எல்லா வாசலிலும் அதே விடை கிடைக்குமாயின் அவன் அவள் சொல்லைக் கேட்டே ஆகவேண்டும். இவ்வுணர்விலிருந்தே 1995-இல் துர்பார் மகளிர் சங்கம் பிறந்தது. பெண்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தனர். கையில் சிறிது சேமிப்பு இருப்பவளால்தான் முரட்டு வாடிக்கைக்காரனை இன்று வேண்டாம் என்று திருப்பியனுப்ப முடியும்.

2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, காவலர் இப்பெண்களைச் சொல்லாலும் செயலாலும் இழிவுபடுத்தலாகாது என்றும், ஆணுறை வைத்திருத்தலைக் குற்றச் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் பணித்தது. காவலர் எவ்வாறு பேசுகிறாரோ அவ்வாறே வாடிக்கைக்காரனும் பேசத் துணிகிறான். ஆதலின் இவ்வாணையைக் காவல் நிலையந்தோறும் நடைமுறைப்படுத்துவதும், 8-ஆம் பிரிவை நீக்குவதும் அரசின் உடனடிக் கடமைகள். இன்னொன்றும் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லாரி ஓட்டுநர்க்கும் புலம்பெயர் தொழிலாளர்க்கும் நோயைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் அறிவுரை வழங்க ஏற்பாடு இருக்கிறது. பேசிய தொகையை முன்னரே கொடுத்துவிடுவதும், குடித்துவிட்டுச் செல்லாதிருப்பதும், படமெடுக்காதிருப்பதும், அவள் பெயரையும் ஊரையும் துருவிக் கேளாதிருப்பதும், வேண்டாம் என்றதும் கையை எடுத்துவிடுவதும் அவ்வறிவுரையின் பகுதியாதல் வேண்டும். அதனை வகுக்கும் குழுவில் அத்தொழிற்பெண்களே பெரும்பான்மையராய் அமர்தல் வேண்டும்.