நாள் குறித்த குடியானவர்

அந்தத் துணிப்படம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. இரண்டு பனங்கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கலத் தொடை, இரும்புக் கால், களிமண் கலந்த பாதம் - நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை. பக்கத்தில் பத்துக் கொம்புள்ள மிருகம். ஓரத்தில் ஒரு கணக்கு. 1991 தொடக்கம், வளைகுடா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் பிரம்பால் தலையிலிருந்து ஒவ்வொரு ராஜ்யமாகத் தொட்டுக்கொண்டே இறங்கி, கால் விரலில் வந்து நிறுத்தி, "நாம் இங்கே இருக்கிறோம்" என்றார். எனக்குப் பத்து வயசிருக்கும். அன்றிரவு தூக்கம் வரவில்லை. முழுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதில்லை என்ற அற்ப சந்தோஷமும் அந்தப் பயத்தில் கொஞ்சம் கலந்திருந்ததை மறைப்பானேன்?

அந்தத் துணிக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1842-ல் அமெரிக்காவில் இதே சிலையும் இதே மிருகங்களும் இதே மாதிரி கணக்கும் போட்டு முந்நூறு படங்கள் அச்சிட்டார்கள். அந்தக் கணக்கின் அடியில் வந்த விடை 1843. கணக்கைப் போட்டவர் வில்லியம் மில்லர் என்ற குடியானவர்.

மில்லரை ஒரு பித்துக்குளி என்று நினைத்துக்கொண்டுதான் அவர் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த அபிப்பிராயம் கரைந்துவிட்டது. 1782-ல் பிறந்தவர். நியூயார்க் மாகாணத்தில் லோ ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் நிலபுலத்தோடு இருந்தவர். வால்டேர், ஹியூம், பெய்ன் எல்லாரையும் படித்துவிட்டு, கடவுள் உண்டு, ஆனால் உலகத்தைப் படைத்ததோடு அவர் ஒதுங்கிக்கொண்டார் என்ற கொள்கைக்காரராக இருந்தவர். 1812-ல் மூண்ட யுத்தத்தில் காப்டன். 1814-ல் பிளாட்ஸ்பர்க் சண்டையில், தோற்க வேண்டிய தன் பக்கம் ஜெயித்ததைப் பார்த்தபோது, ஒதுங்கியிருக்கும் கடவுள் மீது அவருக்குச் சந்தேகம் தட்டியது. 1816-ல் மனந்திரும்பினார். பழைய சிநேகிதர்கள் சும்மா விடுவார்களா? வேதத்திலே இங்கே முரண், அங்கே முரண் என்று குடைந்தார்கள். அவகாசம் கொடுங்கள், எல்லா முரணையும் தீர்த்துக் காட்டுகிறேன் என்று, வேத புஸ்தகத்தையும் குரூடன் செய்த சொல்லடைவையும் வைத்துக்கொண்டு ஆதியாகமத்திலிருந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷம்.

தானியேலின் எட்டாம் அதிகாரத்தில் 2300 நாள் என்று ஒரு கெடு வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருஷம். இது மில்லர் கண்டுபிடித்த சூத்திரம் அல்ல, நியூட்டனே கையாண்டது. எருசலேமைப் பற்றி அர்தசஷ்டா ராஜா கட்டளை பிறப்பித்தது கி.மு. 457-ல். 2300-லிருந்து 457-ஐக் கழித்தால் 1843. விடை கிடைத்தது 1818-ல்.

அதன்பிறகு அவர் பதின்மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். பித்துக்குளி பதின்மூன்று வருஷம் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பானா? 1831-ல், யாராவது அழைத்தால் போய்ச் சொல்கிறேன் என்று ஜெபத்திலே ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பக்கத்து ஊரிலிருந்து உடன்பிறந்தாள் மகன் அழைக்க வந்து நின்றான்!

அந்த நாள் குமாரனுக்கே தெரியாது என்று சுவிசேஷத்தில் ஆண்டவர் தம்மைப் பற்றியே சொல்லியிருக்கிறாரே என்று கேட்டவர்களுக்கு மில்லர் கூட்டத்தார் பதில் வைத்திருந்தார்கள். நாளும் நாழிகையும்தானே தெரியாது. வருஷம் தெரியாது என்று எங்கே சொன்னார்? வக்கீலுக்கு அழகான வாதம். விசுவாசிக்கு அழகா என்பது வேறு. பகுத்தறிவை விட்டு வேதத்துக்கு வந்தவர், வேதத்தையும் பேரேடு மாதிரி ஐந்தொகை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1840-க்குப் பிறகு பாஸ்டன் நகரத்துப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் சேர்ந்துகொண்டார். பத்திரிகை, துண்டுப் பிரசுரம், ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும்படியான கூடாரம் எல்லாம் வந்தன. மில்லரை நம்பினவர்கள் 50,000 பேர் என்றும் ஒரு லட்சம் என்றும் மதிப்பிடுகிறார்கள். 1843-ல் பட்டப்பகலில் தெரியும்படி ஒரு வால்நட்சத்திரம் வேறு வந்து வைத்தது. மில்லர் கொடுத்த கெடு 1844 மார்ச் 21. அது வந்தது; போயிற்று. தப்பு என்னுடையதுதான் என்று அவர் பகிரங்கமாக எழுதினார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே பூஜ்ய வருஷம் கிடையாது. அப்படியானால் விடை 1843 அல்ல, 1844! ஆகஸ்டு மாதம் எக்ஸிடரில் கூடிய கூட்டத்தில் சாமுவேல் ஸ்நோ என்பவர் எழுந்து, யூதர்களின் பாவநிவாரண நாளை ஒட்டி, 1844 அக்டோபர் 22 என்று தேதியையே சொல்லிவிட்டார். ஜனங்கள் பற்றிக்கொண்டார்கள். மில்லர் தயங்கினார். கடைசியில் அக்டோபர் 6-ம் தேதிதான், நாளுக்குப் பதினாறு நாள் முன்பு, சம்மதித்தார். தலைவர் ஜனங்களுக்குப் பின்னால் போனார் என்று சொல்ல வேண்டும்.

அது அறுவடைக் காலம். வியாபாரிகள் கடையை மூடினார்கள். கடன்பட்டவர்கள் கடனைத் தீர்த்தார்கள். குடியானவர்கள் சிலர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டார்கள். தோண்டினால் வருகையில் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடுமாம். வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று சொல்வதெல்லாம் பிற்பாடு கட்டிய கதை. 1944-ல் பிரான்சிஸ் நிக்கல் ஒரு புஸ்தகமே எழுதி அதை மறுத்தார். கதை எழுதுகிறவனான எனக்கு அந்த அங்கியை விட மனசில்லைதான். உண்மை வேறாக இருக்கும்போது என்ன செய்வது?

இந்த இடத்தில் எங்கள் ஆச்சியைச் சொல்லியாக வேண்டும். 1999 டிசம்பர் 31. அன்று நடுச்சாமத்தோடு எல்லாம் சரி என்று ஊரில் பேச்சு. வருஷக் கடைசி ஆராதனைக்கு, வருஷம் முழுக்க ஆலயப் பக்கம் வராதவர்கள்கூட வந்து இடம் பிடித்தார்கள். ஆச்சி அன்று பிற்பகல் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, கிளம்புமுன் ஆட்டி வழித்து மூடி வைத்தாள். வருகையை என்னைவிட நூறு மடங்கு நம்பினவள் அவள். "ராத்திரியே வந்துட்டார்னா இந்த மாவு என்னாவும் ஆச்சி?" என்று கேட்டேன். "ஏல, வாறவருக்கும் பசிக்கும்லா" என்றாள்.

1844 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. வீடுகளிலும் கூடங்களிலும் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுச்சாமம் தாண்டிற்று. விடியும்வரை அழுதார்கள் என்று ஹைரம் எட்சன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். காலையில் தெருவில் கேலி. இன்னும் போகவில்லையா என்று பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். சில இடங்களில் கூட்டம் நடந்த கட்டடங்களைத் தாக்கினார்கள். கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்களுக்கு உதவி திரட்ட ஹைம்ஸ் ஓடினார். கிழங்கு வைத்திருந்தவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக வேண்டியிருந்தது. அயலான் பார்த்துக்கொண்டிருக்க, வராத ஆண்டவருக்காக விட்டுவைத்த கிழங்கைத் தோண்டுவது எப்படி இருந்திருக்கும்! நான் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில், அவர் நியாயந்தீர்க்க வருவார் என்று எழுந்து நின்று சொல்லுகிறவன். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை.

மறுநாள் காலை ஒரு சோளக் கொல்லையைக் கடக்கும்போது எட்சனுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. தேதி சரி, நடந்தது பூமியில் அல்ல, பரலோக ஸ்தலத்தில். அந்த வழியாகத்தான் 1863-ல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் நாசரேத்துப் பக்கம் வந்தபோது, அங்கே 1857-லேயே சட்டாம்பிள்ளை பிரிந்து ஸ்தாபித்த சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்துக்கொண்டிருந்தது. அது ஒரு தனிக் கதை.

மில்லர் அந்தப் புது விளக்கத்தின் பின்னால் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் ஹைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். இன்னொரு நாள் குறித்துவிட்டேன், அது இன்றைக்குத்தான், அவர் வரும்வரை ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் என்று அதிலே சொன்னார். முப்பது வருஷக் கணக்குக்குப் பிறகு எங்கள் ஆச்சி இருந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார் போலிருக்கிறது. 1845-ல் சொந்த ஊர்ச் சபையிலிருந்து அவரை விலக்கினார்கள். 1848-ல் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் ஆலயம் எழும்பிற்று. அதற்குள் அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. 1849 டிசம்பர் 20-ம் தேதி இறந்தார்.

அந்த வீட்டையும் ஆலயத்தையும் அட்வென்டிஸ்டுகள் பாதுகாத்து வருகிறார்கள். ஆலயத்துக்குப் பின்னால் தட்டையான ஒரு பாறை இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாறையின்மேல்தான் காத்திருந்தார்கள் என்று சொல்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் ஏறிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போகிறார்கள்.