வேக் ஆன் லேன்

வேக் ஆன் லேன் என்பது அணைத்து வைக்கப்பட்ட அல்லது உறக்க நிலையிலுள்ள கணினியை, உள்ளகப் பிணையத்தின் வழியாக வேறொரு கணினியிலிருந்து இயக்கிவைக்கும் முறை ஆகும். இதனைத் தமிழில் பிணையவழி எழுப்பல் எனலாம். பள்ளி ஆய்வகம், நூலகம், அலுவலகம் முதலிய இடங்களில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் மேசைக்கணினிகளைப் பராமரிக்க இது பயன்படுகிறது. இருவர் மூவருக்கு ஒரு கணினி என்ற நிலையிலுள்ள ஆய்வகத்தில் ஒரு கணினி நின்றுவிட்டாலும் அத்தனை மாணவர்களின் செய்முறை வகுப்பும் வீணாகும். ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே எல்லாக் கணினிகளையும் இயக்கிப் பார்க்க இம்முறை உதவுகிறது.

எனினும் இம்முறை கணினியை இயக்கிவைப்பதோடு நின்றுவிடும். எழுப்பப்படும் கணினியின் முன் எவரும் இருப்பதில்லை என்பதால், குறுந்தகட்டு இயக்ககத்தில் சிக்கிய ஒரு தட்டுகூட அதன் பயனைக் கெடுத்துவிடலாம்.

வரலாறு

1995ஆம் ஆண்டில் ஏஎம்டி, ஹியூலட்-பேக்கார்டு ஆகிய நிறுவனங்கள் 'மேஜிக் பாக்கெட்' எனப்படும் மந்திரப் பொதித் தொழில்நுட்பத்தை வெளியிட்டன. பின்னர் இன்டெல், ஐபிஎம் நிறுவனங்களின் கூட்டணி 1997இல் வேக் ஆன் லேன் என்ற பெயரில் இவ்வசதியை அறிமுகப்படுத்தியது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்சு வடிவமைப்பு இதற்கு வழிவகுத்தது. இவ்வடிவமைப்பில் கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கி 5 வோல்ட்டு காத்திருப்பு மின்சாரத்தைத் தொடர்ந்து அளிக்கிறது.

இயங்கும் முறை

கணினி அணைந்த பின்னரும் பிணைய அட்டை காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருந்து, பிணையத்தில் வரும் பொதிகளைக் கவனிக்கும். மந்திரப் பொதியின் தொடக்கத்தில் எல்லா பிட்டுகளும் 1 ஆக உள்ள 6 பைட்டுகள் இருக்கும். அதனைத் தொடர்ந்து, எழுப்பப்பட வேண்டிய கணினியின் 6 பைட்டு மாக் முகவரி 16 முறை வரும். மொத்தம் 102 பைட்டுகள். தன் முகவரியை இவ்வரிசையில் கண்ட அட்டை, கணினியை இயக்குமாறு தாய்ப்பலகைக்குக் குறிப்பு அனுப்பும்.

அணைந்த கணினிக்கு ஐபி முகவரி வழியே செய்தி அனுப்ப இயலாது என்பதால், பொதி பிணையம் முழுமைக்கும் பரப்பப்படுகிறது. இவ்வாறு பரப்பப்படும் பொதிகளைத் திசைவிகள் வழக்கமாக வெளியே கடத்துவதில்லை. எனவே வேறு பிணையப் பகுதியிலிருந்து எழுப்பத் தனி ஏற்பாடு தேவை.

எழுப்ப இயலாமைக்கான காரணங்கள்

* சுவரிலுள்ள மின்விசை அணைக்கப்பட்டிருத்தல். மாலையில் எல்லா விசைகளையும் அணைத்துவிட்டுச் செல்வது நம் நாட்டு அலுவலகங்களில் பரவலான வழக்கம். விசை அணைந்தால் காத்திருப்பு மின்சாரமும் நின்றுவிடும்.
* பயாசு அமைப்பில் இவ்வசதி முடக்கப்பட்டிருத்தல்.
* இயங்குதளத்தில் பிணைய அட்டைக்கு அனுமதி அளிக்கப்படாமை. 2012இல் வெளியான விண்டோசு 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி செயலில் இருந்தால், வழக்கமான முறையில் அணைக்கப்பட்ட கணினி எழாமல் போகலாம்.
* மின்வெட்டு. சில கணினிகள் மின்சாரம் மீண்ட பின்னர் ஒருமுறை கையால் இயக்கப்படும்வரை எழுப்பலை ஏற்பதில்லை. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. இத்தகைய சூழலில், மின்சாரம் மீண்டதும் தானே இயங்குமாறு பயாசில் அமைப்பது பயனளிக்கும்.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கார்த்திகை தீபத் திருநாளில் இம்மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை விடப்படுவது வழக்கம். இத்தகைய விடுமுறை நாட்களில் அலுவலகக் கணினிகளை எழுப்பி இற்றைப்படுத்த வேண்டுமெனில், முந்தைய மாலையே சுவர் விசைகளை அணைக்காமல் விடவேண்டும்.

சிக்கிய குறுந்தகடு

தட்டு வெளிவராமைக்கு மென்பொருள், இயந்திரம் என இருவகைக் காரணங்கள் உண்டு. தட்டு பயன்பாட்டில் உள்ளபோது இயங்குதளம் இயக்ககத்தைப் பூட்டிவைக்கும். திறந்துள்ள கோப்புகளை மூடி, லினக்சில் தட்டின் இணைப்பை நீக்கிய பின்னர், வெளியேற்றும் கட்டளையைத் தரவேண்டும். இதனைத் தொலைவிலிருந்தும் செய்யலாம்.

தட்டத்தை நகர்த்தும் இரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் மோட்டார் ஓசை மட்டும் கேட்கும், தட்டம் வராது. இதற்கு ஆள் நேரில் செல்லவேண்டும். கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, இயக்ககத்தின் முகப்பிலுள்ள சிறு துளையில் நிமிர்த்திய காகிதப் பிடிப்பான் கம்பியை நேராகச் செலுத்தி மெதுவாக அழுத்தினால், தட்டம் சிறிது வெளிவரும். மீதியைக் கையால் இழுக்கலாம். கத்தி, திருப்புளி ஆகியவற்றால் நெம்பக்கூடாது.

விரிசல் விட்ட தட்டை மீண்டும் இடுவது ஆபத்தானது. 52 மடங்கு வேக இயக்ககத்தில் தட்டு நிமிடத்திற்குச் சுமார் 10,000 முறை சுழல்வதால், அது உள்ளேயே உடைந்து சிதறக்கூடும்.

தொடக்க வரிசை

பயாசில் குறுந்தகடு முதலிடத்தில் இருந்தால், எழுப்பப்பட்ட கணினி உள்ளே இருக்கும் தட்டிலிருந்து தொடங்க முயலும். 2005 ஏப்ரலில் இந்திய அரசு வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகடு போன்றவை இயங்குதளத்தைத் தொடக்கும் தட்டுகள் அல்ல. அவற்றைக் கணினி தாண்டிச் சென்றுவிடும். ஆனால் 2011 வரை உபுண்டு திட்டத்தினர் அஞ்சலில் இலவசமாக அனுப்பிவந்த நிகழ்வட்டு போன்ற ஒன்று உள்ளே இருந்தால், வன்தட்டிலுள்ள இயங்குதளத்திற்குப் பதிலாக அதுவே தொடங்கும். அப்போது கணினி இயங்கிக்கொண்டிருந்தாலும் பராமரிப்பாளரால் உள்நுழைய இயலாது. கீறல் விழுந்த தட்டாயின், அதைப் படிக்கும் முயற்சியிலேயே தொடக்கம் நெடுநேரம் தாமதமாகலாம்.

எனவே பகிரப்படும் கணினிகளில் வன்தட்டை முதலிடத்தில் வைத்து, பயாசிற்குக் கடவுச்சொல் இடுவது நல்லது. அண்மைக்கால மேசைக்கணினிகள் பலவற்றில் குறுந்தகட்டு இயக்ககம் இல்லை. ஆயினும் விட்டுச்சென்ற பென் டிரைவும் இதே சிக்கலை உண்டாக்கும்.

பாதுகாப்பு

அடிப்படை மந்திரப் பொதியில் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அதே பிணையத்தில் உள்ள எவரும், மாக் முகவரியை அறிந்தால், கணினியை எழுப்பலாம். சில பிணைய அட்டைகள் பொதியின் இறுதியில் 6 பைட்டுக் கடவுச்சொல்லைக் கோரும் வசதி கொண்டவை. எனினும் அது மறையாக்கம் செய்யப்படாமலேயே அனுப்பப்படுகிறது.