ஒரே நாளில் இரு ஒலிபரப்புகள்

1942ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பின் ஐரோப்பா கண்ட நான்காவது கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அது. அன்று வானலைகளில் இரு குரல்கள் எழுந்தன. ஒன்று ஜெர்மானிய வானொலியின் குரல். மற்றொன்று வத்திக்கான் வானொலியின் வழியாக வந்த திருத்தந்தை 12ஆம் பயஸின் குரல். இரண்டும் பாலன் இயேசுவின் பிறப்பை முன்னிட்டு எழுந்தவையே. அவற்றை அருகருகே வைத்து எண்ணும்போது, விழா நாளில் உரைக்கப்படும் சொல்லின் கடமை யாது என்னும் வினா நம்முன் நிற்கிறது.

ஜெர்மானிய வானொலி அப்போர்க்காலத்தில் கிறிஸ்து பிறப்பு இரவுக்கென்றே தனி நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தது. தொலைதூரப் போர்முனைகளை அறிவிப்பாளர் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி அழைப்பார். அங்கிருந்து வீரர்கள் மறுமொழி கூறுவர். 1942இல் வடமுனைக் கடலோரத் துறைமுகமும் ஸ்டாலின்கிராடும் அவ்வாறு அழைக்கப்பட்டன. இறுதியில் எல்லா முனைகளும் ஒரே பாடலில் இணைந்தன. நாமனைவரும் அறிந்த 'சைலன்ட் நைட்' பாடலின் ஜெர்மன் மூலமே அது. ஜோசப் மோர் என்னும் எளிய உதவிப் பங்குக் குரு எழுதி, பிரான்ஸ் சேவியர் குரூபர் இசையமைத்து, 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் சிற்றூர் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பெற்ற பாடல்.

வீடுகளில் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து அதைக் கேட்ட தாய்மாரின் கண்கள் கலங்காமலா இருந்திருக்கும்? ஆயினும், நவம்பர் 23 முதல் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை முற்றுகைக்குள் சிக்கிப் பசியாலும் குளிராலும் மடிந்துகொண்டிருந்த செய்தியை அத்தாய்மாருக்கு அந்த வானொலி சொல்லவில்லை. 1943 பிப்ரவரி 2இல் அங்கு எல்லாம் முடிந்தபோது சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களுள் தாயகம் திரும்பியோர் 6,000 பேர் அளவே. அன்றிரவு ஸ்டாலின்கிராடிலிருந்து வந்ததாகக் கூறப்பட்ட குரல் மெய்யாகவே அங்கிருந்துதான் வந்ததா என்றுகூட ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். தூய பாடல் ஒன்று பொய்க்குப் போர்வையாயிற்று.

இனி உரோமைக்கு வருவோம். வானொலியைக் கண்டறிந்தோருள் முதன்மையானவராகிய மார்க்கோனியே அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் தொடங்கி வைத்தார். அடுத்து வந்த 12ஆம் பயஸ் போர்க்காலக் கிறிஸ்து பிறப்பு நாள்களில் அதன் வழியே உலகுக்குச் செய்தி வழங்கினார். 1942ஆம் ஆண்டுச் செய்தி நீண்டது. மனித மாண்பு, குடும்பம், உழைப்பு, சட்டம், அரசு ஆகியவற்றின் ஒழுங்கைப் பற்றியது. அதன் இறுதிப் பகுதியில், தங்கள்பால் குற்றமேதுமின்றி, சில வேளைகளில் நாட்டினம் அல்லது இனம் என்ற ஒரே காரணத்தால், சாவுக்கோ படிப்படியான அழிவுக்கோ கையளிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரைத் திருத்தந்தை நினைவுகூர்ந்தார். யூதர் என்ற சொல்லோ நாசிகள் என்ற சொல்லோ அதில் இல்லை.

அன்றே இதைக் கேட்டவர்கள் இருவகையாய்ப் பிரிந்தனர். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், மௌனத்தில் ஆழ்ந்த கண்டத்தில் எழும் தனிக்குரல் இது எனப் போற்றியது. நாடு கடந்து வாழ்ந்த போலந்து அரசின் தலைவரோ, 1943 சனவரித் தொடக்கத்தில், இன்னும் தெளிவாகப் பேசுமாறு திருத்தந்தையிடம் வேண்டினார். தாம் குறிப்பிட்டது யாரை என்பது எல்லாருக்கும் விளங்கியிருக்கும் என்றே திருத்தந்தை கருதினார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு சூலை 26இல் ஹாலந்து நாட்டு ஆயர்கள் யூதர்களுக்காகக் கோவில்களில் கண்டன மடலை வாசிக்கச் செய்தனர். அதற்குப் பழிவாங்க நாசிகள் ஆகஸ்டு 2இல் கத்தோலிக்கரான யூதர்களையும் கைது செய்தனர். அவர்களுள் ஒருவரே ஆவுஷ்விட்ஸ் முகாமில் உயிர்நீத்த புனித எடித் ஸ்டெயின். பேசினால் பேசியவரைவிடப் பிறரே அதற்கு விலை கொடுக்க நேரும் என்பதைத் திருத்தந்தை கண்டிருந்தார். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1942 டிசம்பர் 14இல் ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஒருவர் எழுதிய கடிதம், பெல்செக் முகாமில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்படுவதைத் திருத்தந்தையின் செயலருக்குத் தெரிவித்தது. வத்திக்கான் ஆவணங்கள் 2020இல் திறக்கப்பட்ட பின், 2023இல் அக்கடிதம் வெளியிடப்பட்டது.

இவ்வளவும் அறிந்த நாம் அவரை எளிதாகக் குற்றஞ்சாட்டவும் கூடாது. திருச்சபைமீது கொண்ட அன்பினால் வினாவை மூடி மறைக்கவும் கூடாது. ஜெர்மானிய வானொலி விழாவைக் கொண்டு சாவை மறைத்தது. திருத்தந்தையோ விழா நாளிலேயே சாவை நினைவூட்டினார். இவ்வேறுபாடு பெரிது. எனினும் நற்செய்தியின் அளவுகோல் இன்னும் உயரத்தில் இருக்கிறது. மத்தேயு பாலன் பிறப்பைச் சொல்லும்போதே கொலைகாரனின் பெயரையும் சொல்கிறார்: ஏரோது. கொலை நடந்த ஊரையும் சொல்கிறார்: பெத்லகேம். மாசில்லாக் குழந்தைகளின் விழாவைத் திருச்சபை டிசம்பர் 28இல், குடிலின் விளக்குகள் அணையுமுன்னரே, கொண்டாடுவதன் பொருள் இதுவன்றோ!

வாக்கானவர் ஓர் ஊரில், ஓர் ஆட்சியாளனின் காலத்தில், ஒரு தாயின் மகனாக ஊனுடல் எடுத்தார். அவரை அறிவிக்கும் சொல்லும் ஊர், பேர் அற்றதாக இருத்தல் தகாது. நம் ஆலய ஒலிபெருக்கிகளிலும் நள்ளிரவில் அமைதியின் பாடல் ஒலிக்கிறது. அதே பங்கில் சாதியின் பெயரால் தனித்து நிறுத்தப்படுவோர் இருப்பின், "சிலர் துன்புறுகின்றனர்" என்று பொதுவாகச் சொல்லி மறையுரையை முடித்துவிடலாமா? பாடலின் இனிமையில் அவர்களை மறந்துவிடலாமா? குருக்களும் இறைமக்களும் சேர்ந்து விடை காணவேண்டிய கேள்வி இது.